நிலவில் தண்ணீர்: சந்திரயான்-1 கண்டது என்ன, அதனால் மாறியது என்ன?

2009 செப்டம்பர் 24 அன்று வாஷிங்டனில் நாசா ஒரு செய்தியாளர் சந்திப்பு நடத்தியது. நிலவின் மேற்பரப்பில் தண்ணீரின் தடயம் பரவலாக இருக்கிறது என்பதுதான் அன்றைய செய்தி. கண்டுபிடித்த கருவி, எம்3, நாசாவுடையது. அதைச் சுமந்துபோன கலம் இஸ்ரோவின் சந்திரயான்-1. அந்தக் கலத்தோடு தொடர்பு அறுந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு ஆண்டு உழைக்க வேண்டிய கலம் 312 நாளில் பேச்சை நிறுத்திவிட்டதே என்ற வருத்தம் ஆறுவதற்குள் இந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

மறுநாள் செய்தித்தாள்களில் ‘நிலவில் தண்ணீர்’ என்பதே தலைப்பு. படித்தவர்கள் மனதில் ஒரு சுனையோ பனிப்பாறையோ வந்து போயிருக்கும். உண்மையில் கிடைத்தது, நிலவிலிருந்து வரும் ஒளியை அளந்த ஒரு வரைபடக் கோட்டில் இருந்த சரிவு. அந்தச் சரிவை நம்புவதற்கே ஆய்வாளர்களுக்குப் பல மாதம் பிடித்தது. அது தண்ணீரா, தண்ணீரின் உறவினர் மட்டும்தானா என்ற வழக்கு அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. ஆனாலும் நிலவு பற்றிய நாற்பதாண்டுத் தீர்ப்பு அந்தச் சரிவால் மாறியது. எடுக்கக் கிடைக்கும் தண்ணீரின் அளவைவிட இந்த மாற்றம்தான் பெரிது என்பது என் கணிப்பு. நிலவில் சுரங்கம் தோண்டித் தண்ணீர் எடுக்கலாம் என்ற பேச்சோ, சான்றுகளை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

வறண்ட நிலவு என்ற தீர்ப்பு

1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் ஆறு பயணங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். பூமியின் பாறைகளில் களிமண், மைக்கா போன்ற கனிமங்கள் தண்ணீரைத் தம் கட்டமைப்பிலேயே பிடித்துவைத்திருக்கும். நிலவுக் கற்களில் அப்படி எதுவும் தட்டுப்படவில்லை. காரணமும் தெளிவாகவே இருந்தது. அங்கே காற்று மண்டலம் இல்லை. நடுப்பகலில் தரை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. நிலவின் ஈர்ப்பிலிருந்து தப்ப வினாடிக்கு 2.38 கிலோமீட்டர் வேகம் போதும். பூமியில் அதற்கு 11.2 வேண்டும். தண்ணீர் மூலக்கூறு அங்கே போய்ச் சேர்ந்தாலும் வெயிலில் உடைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிடும். ஆகவே நிலவு வறண்டது. பாடப்புத்தகங்களிலும் அப்படியே அச்சாயிற்று.

தீர்ப்புக்கு எதிரான குரல்களும் இருந்தன. அப்பல்லோவுக்கு முன்பே, 1961-ல், கால்டெக் நிறுவனத்தின் வாட்சன், மர்ரே, பிரவுன் ஆகிய மூவர் ஒரு கணக்குப் போட்டார்கள். நிலவின் அச்சு ஒன்றரை டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கிறது. அதனால் துருவப் பள்ளங்கள் சிலவற்றின் அடிவாரத்தில் வெயில் விழுவதே இல்லை. அந்தக் குளிரில் போய் மாட்டிக்கொள்ளும் நீராவி கோடிக்கணக்கான ஆண்டுகள் உறைந்து கிடக்கலாம் என்றார்கள். அப்பல்லோ இறங்கிய இடங்களோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெயில் சுடும் பகுதிகளில். துருவத்துக்கு யாரும் போகவில்லை.

அப்பல்லோ மாதிரிகளிலேயே கொஞ்சம் தண்ணீர் தென்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெட்டிகளின் கதை வேறு. இண்டியம் என்ற மென்மையான உலோகப் பட்டையில் கத்தி முனை போன்ற விளிம்பு அழுந்தி மூடும்படி அவற்றைச் செய்திருந்தார்கள். நிலவின் தூசி அந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டதால் பல பெட்டிகள் சரியாக மூடவில்லை, காற்று உள்ளே போய்விட்டது. அப்புறம் உள்ளே ஈரம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்வீர்கள்? மாதிரிகளை ஆராய்ந்த ஹூஸ்டன் நகரத்துக் காற்றின் ஈரம் என்று எழுதி முடித்தார்கள். 1971 மார்ச்சில், அப்பல்லோ-14 நிலவில் வைத்துவிட்டு வந்த அயனி அளவி ஒன்று நீராவி அயனிகளைப் பதிவு செய்தது. அதுவும் நாம் விட்டுவந்த கலத்திலிருந்து கசிந்ததாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் மங்கிப்போனது.

எனக்கு இதில் அதிகம் உறுத்துவது சோவியத் கலம் லூனா-24-ன் கதை. 1976 ஆகஸ்டில் அது நிலவின் மாரே கிரிசியம் சமவெளியில் இறங்கி, இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 170 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. அதை அகச்சிவப்பு ஒளியில் சோதித்த சோவியத் வேதியியலாளர்கள், எடையில் சுமார் 0.1 சதவீதம் தண்ணீர் இருப்பதாக 1978-ல் ஒரு ரஷ்ய ஆய்விதழில் எழுதினார்கள். ஆழம் கூடக்கூட அளவும் கூடுவதாகச் சொன்னார்கள். மேற்கில் யாரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் பார்த்ததும் ஏறத்தாழ 3 மைக்ரான் அலைநீளத்தில்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முப்பது ஆண்டு கழித்து சந்திரயான் பார்த்த அதே பகுதி.

1994-ல் அமெரிக்காவின் கிளெமென்டைன் கலத்தின் ரேடார் எதிரொலி தென்துருவத்தில் பனிக்கட்டி இருக்கலாம் என்று சொன்னது. பூமியில் போர்ட்டோ ரிகோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து பார்த்தபோது அதேபோன்ற எதிரொலி வெயில் படும் சரிவுகளிலும் வந்தது; வெறும் கரடுமுரடான கற்களும் அப்படி எதிரொலிக்கலாம். 1998-ல் நாசாவின் லூனார் ப்ராஸ்பெக்டர் கலம் இரு துருவங்களிலும் ஹைட்ரஜன் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஹைட்ரஜன் இருந்தால் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. 1999 ஜூலை 31-ல் அந்தக் கலத்தையே தென்துருவப் பள்ளமொன்றில் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஹப்பிள் உட்படப் பல தொலைநோக்கிகள் காத்திருந்தும் எதுவும் தெரியவில்லை.

இந்தச் சந்தேகங்களை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் நியாயமானது. ஆனால் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வறண்டது என்று சொல்லும் சான்றுக்கு ஒரு அளவுகோல், ஈரம் என்று சொல்லும் சான்றுக்கு வேறொரு அளவுகோல்.

கலம்

சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 காலை 6.22-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-11 ராக்கெட்டில் கிளம்பியது. எடை 1,380 கிலோ, செலவு சுமார் 386 கோடி ரூபாய். திட்ட இயக்குநர், பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. கலத்தில் பதினொரு கருவிகள்: ஐந்து நம்முடையவை, மூன்று ஐரோப்பாவுடையவை, இரண்டு நாசாவுடையவை, ஒன்று பல்கேரியாவுடையது. முதல் நிலவுப் பயணத்திலேயே வெளிநாட்டுக் கருவிகளுக்கு இடம் கொடுத்த முடிவுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான தொடக்கம்.

நவம்பர் 8-ல் நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது; நான்கு நாளில் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியது. அந்த மாதக் கடைசியிலேயே தொல்லை. வெயிலும் நிலவின் தரையிலிருந்து எழும் வெப்பமும் சேர்ந்து கலத்தின் உள்வெப்பம் 50 டிகிரியை ஒட்டிப் போய்விட்டது. கலத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்தார்கள். கருவிகளை மாற்றி மாற்றித்தான் இயக்க வேண்டியிருந்தது. அடுத்து, திசை கண்டுபிடிக்க உதவும் நட்சத்திர உணரிகள் கைவிட்டன. சுழல்மானிகளைக் கொண்டு ஒருவழியாக ஓட்டினார்கள். 2009 மே மாதம் பாதையை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 29 அதிகாலை தொடர்பு நின்றது. இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் நிலவின் தரையில் 95 சதவீதத்துக்கு மேல் வரைபடம் எடுத்து முடித்திருந்தது எம்3.

3 மைக்ரானில் ஒரு சரிவு

எம்3 என்பது நிலவின் கனிமங்களை வரைபடமாக்கும் கருவி. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் உருவானது. பொறுப்பு, பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்லே பீட்டர்ஸ். நிலவிலிருந்து திரும்பிவரும் சூரிய ஒளியை 260 நிறத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்கும். ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் கீழே எந்தக் கனிமம் என்று தெரிந்துவிடும். 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் 40 கிலோமீட்டர் அகலப் பட்டையைப் பார்க்கும்.

இந்தக் கருவி தண்ணீர் தேடப் போகவில்லை. அதன் பார்வை 0.43 மைக்ரானில் தொடங்கி 3.0 மைக்ரானில் முடிந்தது. பைராக்சீன், ஆலிவின், ஃபெல்ட்ஸ்பார் போன்ற நிலவுக் கனிமங்களுக்கு அது தாராளம். தண்ணீரும், அதன் உறவினரான ஹைட்ராக்சிலும் ஒளியை விழுங்கும் பகுதி 2.8 மைக்ரானில் ஆரம்பித்து 3-ஐத் தாண்டிப் போகிறது. ஹைட்ராக்சில் என்றால் ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. இன்னொரு ஹைட்ரஜன் சேர்ந்தால்தான் அது தண்ணீர். ஆக, எம்3-க்குத் தெரிந்தது சரிவின் முதல் பாதி மட்டும். கோடு இறங்குவது தெரிகிறது; எங்கே போய் நின்று மறுபடி ஏறுகிறது என்பது கருவியின் எல்லைக்கு வெளியே.

அந்தச் சரிவைப் பார்த்தவுடன் குழுவினர் குதித்துவிடவில்லை. முதலில் கருவியைத்தான் சந்தேகித்தார்கள். கலமே சூடாகித் தவித்துக்கொண்டிருந்தது, உணரி வெப்பத்தால் பிழை செய்யலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. 3 மைக்ரான் பக்கத்தில் வரும் ஒளி முழுவதும் சூரியனிடமிருந்து திரும்பி வருவது அல்ல. சூடான நிலவுத் தரை தானும் அதே அலைநீளத்தில் ஒளிர்கிறது. அந்த ஒளிர்வைக் கழித்தால்தான் உண்மையான சரிவு தெரியும். கூடுதலாகக் கழித்தால் இல்லாத தண்ணீர் முளைக்கும், குறைவாகக் கழித்தால் இருக்கும் தண்ணீர் மறையும். குளிர்ந்த துருவப் பக்கம் இந்தத் திருத்தம் குறைவாகவே தேவைப்படும். சரிவு வலுவாகத் தெரிந்ததும் அங்கேதான்.

தாங்களாகவே முடிவு கட்டாமல் வேறு கண்களைத் தேடினார்கள். டெம்பல்-1 வால்மீனை 2005-ல் தாக்கிய டீப் இம்பாக்ட் கலம், இன்னொரு வால்மீனை நோக்கிப் போகும் வழியில் 2009 ஜூனில் நிலவைக் கடந்தது. அதன் நிறமாலைமானி 3 மைக்ரானுக்கு அப்பாலும் பார்க்கும். ஜெசிகா சன்ஷைன் தலைமையிலான குழு பார்த்தது. சரிவு இருந்தது, முழுதாகவே இருந்தது. காலையில் அழுத்தமாக, நடுப்பகலில் மெலிந்து, மாலையில் மறுபடி தேறியது. மூன்றாவது சாட்சி பத்தாண்டாகக் கோப்பில் கிடந்தது. சனிக்கோளுக்குப் போகும் காசினி 1999 ஆகஸ்டில் பூமியையும் நிலவையும் கடந்தபோது எடுத்த தரவு. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ரோஜர் கிளார்க் அதைத் தூசிதட்டி எடுத்தார். அங்கேயும் அதே சரிவு.

மூன்று கலம், மூன்று கருவி, மூன்று குழு. மூன்று கட்டுரைகளும் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒன்றாக வெளிவந்தன. லூனா-24-க்குக் கிடைக்காதது இதுதான். ரஷ்யர்களின் அளவீடு தவறு என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதை இன்னொரு கையால் சரிபார்க்க ஆள் இல்லை, அவ்வளவே.

தண்ணீர் எவ்வளவு? கிளார்க்கின் மதிப்பீடு, பத்து லட்சத்தில் 10 முதல் 1,000 பங்கு. ஒரு டன் மேல்மண்ணைச் சலித்து வாட்டினால் பத்து மில்லி முதல் அதிகபட்சம் ஒரு லிட்டர். அதுவும் அகச்சிவப்பு ஒளி எட்டும் மேல்தோலில் மட்டும். ஒரு அடி கீழே என்ன என்று இந்த முறையால் சொல்ல முடியாது.

எங்கிருந்து வந்தது? அன்று முன்வைத்த விளக்கமே இன்றும் முதன்மையானது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் சூரியக் காற்றில் பெரும்பகுதி புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜனின் கரு. வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிலவு மண்ணில் மோதுகின்றன. மண்ணின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன், சிலிக்கேட் கனிமங்களில் கட்டுண்டு கிடக்கிறது. மோதும் ஹைட்ரஜன் அதோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ஆகிறது, சில இடங்களில் தண்ணீராகவும் ஆகலாம். நிலவு தன் மேல்தோலில் தானே தண்ணீர் தயாரித்துக்கொள்கிறது என்பது பழைய பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தி. காற்றில்லாத எந்தக் கல்கோளுக்கும் இது பொருந்தும்.

நவம்பர் 14-ல் மோதிய பெட்டி

இந்தக் கதையில் நம் ஊர் வாசகர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: முதலில் கண்டது நாம்தானே?

சந்திரயான்-1-ல் மோது கலம் என்ற சிறிய பெட்டி இருந்தது. கலம் அவ்வளவு தூரம் போகும்போது நிலவைத் தொட்டுவிடலாமே என்ற அப்துல் கலாமின் யோசனையில் சேர்ந்தது அது. 2008 நவம்பர் 14 இரவு தாய்க்கலத்திலிருந்து பிரிந்து, ஏறக்குறைய 25 நிமிடம் விழுந்து, தென்துருவத்தில் ஷாக்கில்டன் பள்ளத்துக்கு அருகே மோதியது. மூவர்ணக் கொடி பக்கவாட்டில் வரைந்திருந்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குள் இருந்த ‘சேஸ்’ என்ற நிறை நிறமாலைமானியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. விழுந்துகொண்டே சுற்றியிருக்கும் வாயுக்களின் நிறையை அது அளந்துகொண்டு போனது. நிறை 18-ல் ஒரு முகடு தெரிந்தது. 18 என்பது தண்ணீர் மூலக்கூறின் நிறை.

திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ஸ்ரீதரன் குழுவுடைய அந்த ஆய்வு முழுக் கட்டுரையாக வெளிவந்தது 2010-ல். நாசா அறிவிப்புக்கு மறுநாள் இஸ்ரோ தலைவர் மாதவன் நாயர், மோது கலமும் தண்ணீரைக் கண்டிருந்தது என்றார். நாளை மட்டும் பார்த்தால் அது முந்தியது, சந்தேகமில்லை. ஆனால் கண்டறிந்ததைச் சான்றோடு வெளியிட்டு மற்றவர்களைச் சோதிக்க விடும்போதுதான் அறிவியலில் அது கண்டுபிடிப்பாகிறது. சேஸின் தரவுக்கு ஒரு பலவீனமும் இருந்தது. பூமியில் செய்த எந்தப் பெட்டியும் வெற்றிடத்துக்குப் போனதும் தன்னுள் ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கக்கும். அளந்தது நிலவின் நீராவியா, பெட்டியின் சொந்த ஈரமா? ஒரே ஒரு 25 நிமிடப் பதிவை வைத்துக்கொண்டு இதைத் தீர்ப்பது சிரமம். கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று பொங்குவதில் அர்த்தமில்லை. துணைச் சான்று இல்லாததாலும் எழுதத் தாமதித்ததாலும் நம் தரவு பின்வரிசைக்குப் போனது. நிலவுப் பயணத்தில் புதிதாகக் கால்வைத்த ஒரு நிறுவனத்துக்கு இது கசப்பான பாடம்தான்.

மூன்று வேறு தண்ணீர்

‘நிலவுத் தண்ணீர்’ என்று ஒரே பெயரில் பேசப்படுவது உண்மையில் மூன்று. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, எம்3 கண்ட மேல்தோல் ஈரம். எங்கும் பரவியது, மிகச் சொற்பமானது.

இரண்டாவது, துருவ நிழல் பள்ளங்களில் உறைந்து கிடப்பது. இதன் முதல் வலுவான சான்று எம்3 அறிவிப்பு வந்த இரண்டே வாரத்தில் கிடைத்தது. 2009 அக்டோபர் 9 அன்று நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில், இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள காலி ராக்கெட் அடுக்கைத் தென்துருவக் கபேயஸ் பள்ளத்தில் மணிக்கு 9,000 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். நான்கு நிமிடம் பின்னால் வந்த கலம் கிளம்பிய புழுதிக்குள் நுழைந்து அளந்துகொண்டே போய்த் தானும் மோதியது. பூமியில் தொலைநோக்கியோடு விடிய விடியக் காத்திருந்தவர்களுக்குப் புழுதிகூடத் தெரியவில்லை, ஏமாற்றம். கருவிகளுக்குத் தெரிந்தது. பார்வைக்குள் வந்த புழுதியில் சுமார் 155 கிலோ தண்ணீர் இருந்தது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் பத்து குடம். எடையில் 5.6 சதவீதம், கூடக்குறைய 2.9. மேல்தோல் ஈரத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஒரு டன் மண்ணுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல். ஆனால் மோதியது ஒரே இடத்தில்.

மூன்றாவது, நிலவின் உள்ளே இருக்கும் தண்ணீர். 2008-ல், சந்திரயான் கிளம்புவதற்கு முன்பே, ஆல்பர்ட்டோ சால் குழு அப்பல்லோ கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளில் தண்ணீரைக் கண்டது. 2011-ல் எரிக் ஹாரி குழு, அப்பல்லோ-17-ன் ஆரஞ்சு மண்ணில், படிகங்களுக்குள் சிறைப்பட்ட பாறைக் குழம்புத் துளிகளில் பத்து லட்சத்தில் 615 முதல் 1,410 பங்கு வரை அளந்தது. பூமியின் கடலடி எரிமலைகள் கக்கும் குழம்போடு ஒப்பிடக்கூடிய அளவு. நாற்பது ஆண்டாக அலமாரியில் இருந்த மண்!

அறிவியலுக்கு இந்த மூன்றாவதுதான் பெரிய தலைவலி. செவ்வாய் அளவுள்ள கோளொன்று இளம் பூமியில் மோதி, சிதறிய துண்டுகள் திரண்டு நிலவானது என்பது இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். அந்த வெப்பத்தில் தண்ணீர் எல்லாம் ஆவியாகிப் போயிருக்க வேண்டுமே. போகவில்லை என்றால், ஒன்று அந்த மோதல் பற்றிய நம் கணக்கில் திருத்தம் வேண்டும், அல்லது நிலவு குளிர்வதற்குள் விண்கற்கள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். 2013-ல் சால் குழு, அந்தத் தண்ணீரில் கன ஹைட்ரஜனின் (டியூட்டீரியம்) விகிதம் ஒருவகைக் கரிம விண்கற்களோடும் பூமியின் தண்ணீரோடும் ஒத்துப்போகிறது என்று காட்டியது. நம் கடல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு நூல்முனை நிலவில் கிடைத்திருக்கிறது.

அது உண்மையில் தண்ணீர்தானா?

ஹைட்ராக்சிலா தண்ணீரா என்ற வழக்கு 2020 வரை இழுத்தது. 3 மைக்ரான் பகுதியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். 6 மைக்ரானில் தண்ணீர் மூலக்கூறு மட்டுமே கையெழுத்துப் போடும். போயிங் விமானத்தில் தொலைநோக்கி பொருத்திப் பறந்த சோஃபியா ஆய்வகத்தில் கேசி ஹானிபால் குழு அதைத் தேடியது. கிளேவியஸ் பள்ளத்துக்குப் பக்கத்தில், வெயில் படும் தரையிலேயே, பத்து லட்சத்தில் 100 முதல் 412 பங்கு தண்ணீர். சஹாரா பாலைவன மண்ணில் இதைவிட நூறு மடங்கு ஈரம் உண்டு என்று நாசாவே சொன்னது. பெரும்பாலும் அது மண்துகள்களுக்கு இடையிலோ கண்ணாடித் துணுக்குகளுக்கு உள்ளேயோ பத்திரமாகச் சிக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெயிலில் தாக்குப்பிடிக்க முடியாது. சந்திரயான்-2 கலத்தில் 5 மைக்ரான் வரை பார்க்கும் கருவியை இஸ்ரோ வைத்ததும் எம்3-ன் அந்த 3.0 எல்லையை மனதில் வைத்துத்தான். ஹைட்ராக்சிலையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டிய அதன் முதல் முடிவுகள் 2021-ல் வந்தன.

காலையில் கூடி நடுப்பகலில் குறைகிறது என்றார்களே, அந்தத் தினசரி ஏற்ற இறக்கம் பற்றி இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வெப்பத் திருத்தத்தை வேறுவிதமாகச் செய்து பார்த்த 2018 ஆய்வொன்று, சரிவு எல்லா நேரத்திலும் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் என்றது. கழித்தல் கணக்கில் எவ்வளவு கவனம் தேவை என்பதற்கு இதுவே சாட்சி.

அதே 2018-ல் பழைய எம்3 தரவிலிருந்து இன்னொரு கண்டுபிடிப்பு வந்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நிழல் பள்ளத்துக்குள் நேர் வெயில் விழாது. ஆனால் எதிர்ச் சுவரில் பட்டுத் தெறிக்கும் மங்கல் ஒளி கொஞ்சம் விழும். ஷுவாய் லி குழு அந்த மங்கல் ஒளியை மட்டும் பொறுக்கியெடுத்து, பனிக்கட்டிக்கே உரிய 1.3, 1.5, 2.0 மைக்ரான் அடையாளங்களைத் தேடியது. இவை மூன்றுமே எம்3-ன் எல்லைக்குள் இருப்பவை. கிடைத்தன. மேற்பரப்பில் பனிக்கட்டி வெளிப்படையாகக் கிடப்பதற்கான நேரடிச் சான்று, கலம் அணைந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு. ஆனால் பனி இருக்கத் தகுந்த குளிர்ப் பகுதிகளில் சுமார் 3.5 சதவீதத்தில்தான் அது தெரிந்தது. மற்ற இடங்களில் ஏன் இல்லை என்பதும் சின்னக் கேள்வியல்ல.

எதற்கு உதவும்?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குடிக்க, மூச்சுவிட, எரிபொருளாக்க. 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 8 கிலோ ஆக்சிஜன், 1 கிலோ ஹைட்ரஜன். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின் எரிப்பதும் இந்த இரண்டையும்தான். பூமியின் ஈர்ப்பைத் தாண்டி ஒவ்வொரு கிலோவையும் தூக்கிப்போவது பெருஞ்செலவு. நிலவிலேயே கிடைத்தால் கணக்கு மாறும். கதிர்வீச்சைத் தடுக்கவும் தண்ணீர் நல்ல கவசம்.

சரி, எடுப்பது எப்படி? அதிகமாக இருக்கும் இடம் நிழல் பள்ளம். அங்கே வெப்பநிலை மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. வடதுருவ ஹெர்மைட் பள்ளத்தில் நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுக்கலம் மைனஸ் 247 வரை அளந்திருக்கிறது. சூரியத் தகடு வேலை செய்யாது, மின்கலம் தாங்காது, மசகெண்ணெய் கல்லாகும். வெயில் இருக்கும் இடத்தில் வேலை செய்வது எளிது. சோஃபியா அளந்ததை வைத்துப் பார்த்தால் அங்கே தண்ணீர் டன்னுக்கு அரை லிட்டர்கூடத் தேறாது. வடதுருவத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட சிறு பள்ளங்களில் குறைந்தது 60 கோடி டன் பனி என்று சந்திரயான்-1-ன் ரேடாரை வைத்து 2010-ல் மதிப்பிட்டார்கள். கிளெமென்டைனுக்கு நேர்ந்த அதே ஆட்சேபம் அதற்கும் உண்டு: கரடுமுரடான கற்கள். இந்தப் பெரிய எண்களை மேடையில் முழங்குபவர்கள் ஆட்சேபத்தைச் சொல்வதில்லை.

ஆனாலும் அரசியல் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் தென்துருவத்தைக் குறிவைக்கிறது. சீனாவின் சாங்இ-7 திட்டமும் அங்கேதான்; நிழல் பள்ளத்துக்குள் தாவிப் பார்க்கும் கருவியோடு. 1967-ன் விண்வெளி ஒப்பந்தம் நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது. தோண்டி எடுத்த தண்ணீர் யாருடையது என்று அது தெளிவாகச் சொல்லவில்லை. எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் இந்தியா 2023 ஜூனில் கையெழுத்திட்டது. சந்திரயான்-1-க்கு முன்னால் இந்த வழக்குக்கே பொருள் இருந்திருக்காது.

2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 69 டிகிரி தென் அகலாங்கில் இறங்கியது. அதிலிருந்த வெப்பமானி பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணுக்குள் இறங்கிப் பார்த்தது. மேலே 82 டிகிரி வரை சூடு, சில சென்டிமீட்டர் கீழேயே உறைநிலைக்குக் கீழ். வெயிலுக்கு முதுகு காட்டி 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த துருவப் பக்கச் சரிவுகளில், அதிக ஆழம் போகாமலே பனி நிலைத்திருக்கலாம் என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இது உறுதியானால் இருட்டுப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய அவசியமே குறையும்.

எம்3-ன் வாரிசான கருவியோடு 2025 பிப்ரவரியில் கிளம்பிய லூனார் ட்ரெயில்பிளேசர் மறுநாளே தொடர்பை இழந்தது. ஜூலையில் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். மார்ச்சில் துளையிடும் கருவியோடு தென்துருவப் பகுதியில் இறங்கிய அமெரிக்கத் தனியார் கலம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. துருவப் பனியை இதுவரை எந்தக் கருவியும் தொட்டு அளந்ததில்லை. அதே மார்ச்சில் மத்திய அரசு சந்திரயான்-5-க்கு ஒப்புதல் கொடுத்தது. ஜப்பானோடு சேர்ந்த திட்டம் அது: ராக்கெட்டும் ஊர்தியும் அவர்களுடையவை, தரையிறங்கி நம்முடையது. துருவப் பகுதியில் துளையிட்டு, எடுத்த மண்ணைச் சூடாக்கி, வெளிவரும் நீராவியை அளப்பது அதன் வேலை. டன்னுக்கு எத்தனை கிலோ என்று தொட்டு அளந்த எண் அதில் கிடைக்கலாம்.